நாக்குக் கணக்கு வேறு, ரத்தக் கணக்கு வேறு

சிறுகுறிஞ்சான் இலை எங்காவது கண்ணில் பட்டால் இரண்டு பறித்து வந்து ஒரு சோதனை செய்து பாருங்கள். இலையை நன்றாக மென்று, சாறு நாக்கு முழுக்கப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட வேண்டும். கசக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வையுங்கள். மணலை வைத்தது போல இருக்கும். நறநறப்பு தெரியும், கரைவது தெரியும், இனிப்பு மட்டும் வரவே வராது. சின்ன வயதில் இதை வைத்து மாமா மகனிடம் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன்.

இலை சீனியை ஒன்றும் செய்துவிடவில்லை. அதில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைப் போய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் இனிக்காத அந்தச் சீனியை விழுங்கியிருந்தால், ரத்தத்தில் ஏற வேண்டியது ஏறியே இருக்கும்.

இன்னொரு சோதனைக்கு இலைகூட வேண்டாம். குழம்பு, உப்பு எதுவும் சேர்க்காத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடத்துக்கு மேல் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல ஒரு இனிப்பு தட்டும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி சோற்றின் மாவுச்சத்தை வாயிலேயே உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிட்டது. மிச்ச வேலையைக் குடல் முடித்துவிடும். வாயில் போடும்போது இனிக்காத சோறு, ரத்தத்துக்குப் போகும்போது குளுக்கோஸாகத்தான் போகிறது.

மூன்றாவது, மெடிக்கல் ஷாப்பில் சின்ன டப்பாவில் விற்கும் இனிப்புப் பில்லை. காப்பியில் ஒன்று போட்டால் ஒரு தேக்கரண்டி சீனி போட்ட அளவுக்கு இனிக்கும். ரத்தத்தில் அதனால் ஒன்றும் ஏறாது.

ஆக, சீனி இருந்தும் இனிக்காமல் இருக்கலாம், இனிக்காமலே சர்க்கரை ஏறலாம், இனித்தும் ஏறாமல் இருக்கலாம். சுகர் வந்தவருக்கு என்ன சமைப்பது என்ற குழப்பத்தில் முக்கால்வாசி, நாக்கு, ரத்தம் என்ற இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவதுதான். எங்கள் பக்கத்தில் டப்பாவில் இருப்பதைச் சீனி என்போம். இந்தக் கட்டுரைக்கு அது வசதி. டப்பாவில் இருப்பது சீனி, ரத்தத்தில் இருப்பது சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதலில் நடப்பது ஒன்றுதான்: காப்பியில் சீனி நிற்கும். டீக்கடையில் "ஒரு வித்அவுட்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். நல்லதுதான். ஆனால் அந்த டீயோடு இரண்டு பொறையோ ஒரு பருப்பு வடையோ உள்ளே போகும். மதியம் வழக்கம் போலச் சோறு குவியும்.

கணக்கைப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. தட்டில் குவித்துப் போட்டால் 300 கிராம் சோறு சாதாரணமாக வந்துவிடும். அப்படியென்றால் 80 கிராமுக்கு மேல். காப்பியில் விட்ட இரண்டு தேக்கரண்டி சீனி 10 கிராம். நாம் சண்டை போட்டது அந்த 10 கிராமோடு. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2024இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. டைப் 2 நீரிழிவு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் காப்பி, டீயில் சீனிக்குப் பதிலாக சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைக் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி-யில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. டம்ளரில் மாறினால் போதுமா, தட்டில் என்ன இருக்கிறது?

அதற்காகச் சீனியை ஒரு பொருட்டாகவே எடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம். உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்ன அளவு, நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது. அதுவும் சுகர் இல்லாத ஆட்களுக்கே.

கருப்பட்டி வழக்கு

இந்த விஷயத்தைப் பேசினால் எங்கள் வீட்டில் முதலில் கோபப்படுவது அம்மா. அம்மாவுக்குச் சுகர் வந்த நாளிலிருந்து வீட்டில் சீனி டப்பா காலி. அந்த இடத்தில் கருப்பட்டி வந்து உட்கார்ந்தது. "இது மரத்துப் பொருள், ஒண்ணும் பண்ணாது" என்பது தீர்ப்பு. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், விருந்தாள் வந்தால் அவர்களோடு இன்னொன்று.

கருப்பட்டி எப்படி வருகிறது? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைப் பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சிக் காய்ச்சி, கூப்பதனியாகி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். பதநீரின் இனிப்பு சுக்ரோஸ். கரும்புச் சாற்றின் இனிப்பும் சுக்ரோஸ். வெள்ளைச் சீனி என்பது கிட்டத்தட்ட முழுக்கவே சுக்ரோஸ். தண்ணீரை வற்றவைத்தால் மிஞ்சுவது அதுதானே. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் சுக்ரோஸோடு கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாது உப்பு, நிறத்தையும் மணத்தையும் தருகிற பொருள்கள் கூடுதலாக இருக்கின்றன. குடலுக்குப் போனால் சுக்ரோஸ் இரண்டாக உடையும்: பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். பனையிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று குடல் கேட்காது.

இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காப்பிக்குப் போடும் அளவில் அது பேருக்குத்தான். முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கருப்பட்டி சீனியை விட இனிப்பு மட்டு, மனசிலும் உறுத்தல் இல்லை. அதனால் கை தாராளமாகிவிடுகிறது. போதாததற்குச் சீனியைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் நிறைய.

தேனும் அப்படித்தான். அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை வகைகளே. பேரீச்சம்பழத்தை அரைத்து உருட்டி "சீனியே சேர்க்காத லட்டு" என்று தருகிறார்கள். காய்ந்த பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. நார்ச்சத்து இருக்கிறது, சீனியை விட மேல்தான், ஆனால் நான்கு லட்டு சாப்பிடுவதற்கான அனுமதிச் சீட்டு கிடையாது. கருப்பட்டிக் காப்பியை மணத்துக்காகக் குடிக்கலாம், அரை டம்ளர், என்றாவது ஒருநாள். மருந்து என்று நினைத்துக் குடிக்க வேண்டாம். அம்மா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

பில்லைக்குள் என்ன இருக்கிறது

இனிப்பூட்டிகளின் கதையைப் படித்தால் ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். பலவற்றைக் கண்டுபிடித்தது ஆய்வகத்தில் கையைச் சரியாகக் கழுவாத ஆட்கள். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஃபால்பர்க், ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி இனித்தது. இனித்தது ரொட்டி இல்லை, அவர் விரல். அது சாக்கரின். 1965இல் ஷ்லாட்டர் என்ற வேதியியலாளர் வயிற்றுப் புண்ணுக்கான மருந்து வேலையில் இருந்தபோது, காகிதத்தை எடுக்க விரலை நாக்கில் தொட்டார். அஸ்பார்டேம் கிடைத்தது. சுக்ரலோஸ் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1976இல் லண்டனில் ஒரு கல்லூரி ஆய்வகம். சீனி மூலக்கூறில் குளோரினைச் சேர்த்துச் செய்த பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னது, சசிகாந்த் பட்னிஸ் என்ற நம்மூர் ஆராய்ச்சியாளர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்து வாயில் வைத்துவிட்டார். நல்லவேளை.

இவை எல்லாமே நாக்கில் இருக்கும் இனிப்பு உணர்விகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அதுவும் சீனியை விடப் பல மடங்கு வலுவாக. சாக்கரின் சீனியைப் போல 300 மடங்குக்கு மேல், அஸ்பார்டேம் 200 மடங்கு, சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. ஒரு தேக்கரண்டி சீனியின் இனிப்புக்கு 8 மில்லிகிராம் சுக்ரலோஸ் போதும். அந்த எட்டிலும் பெரும்பகுதி உடலில் சேராமல் அப்படியே வெளியே போய்விடுகிறது. பில்லையில் நம் கைக்குத் தட்டுப்படும் கனம் எல்லாம் அதை உருட்டப் பயன்படுத்திய லாக்டோஸ் மாதிரிச் சரக்கு. பொடியாக வருவதில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கலாம். அது மாவுச்சத்துதான், குளுக்கோஸாக ஏறக்கூடியதுதான். ஒரு காப்பிக்குப் பரவாயில்லை. பாயசத்துக்குக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடும்போது கணக்கில் வந்துவிடும்.

சமையலுக்கு எது? சாக்கரின் நாக்கில் ஒரு உலோகக் கசப்பை விட்டுப் போகும். கலர் ஐஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி தெரியும். அஸ்பார்டேம் சூட்டில் உடைந்து இனிப்பை இழக்கும், கொதிக்கிற பாலில் போட்டுப் பிரயோஜனமில்லை. சுக்ரலோஸ் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் போனால் வேண்டாத குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் எச்சரித்து, சமைத்து முடித்த பிறகு சேர்ப்பதே நல்லது என்றது. எண்ணெயில் பொரிப்பதும் ஓவன் அடுப்பில் சுடுவதும் இந்த வகையில் வரும். நமக்கு வழி எளிது. அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு போடுங்கள்.

சீனித்துளசி என்று நாம் சொல்லும் ஸ்டீவியா, தென் அமெரிக்காவின் பராகுவே பக்கத்துச் செடி. அங்கே குவரானி மக்கள் காலங்காலமாக இதன் இலையை இனிப்புக்குப் பயன்படுத்தினார்கள். சுத்திகரித்துப் பிரித்தெடுத்த ஸ்டீவியால் கிளைக்கோசைடுக்கு இந்தியாவில் 2015இல் அனுமதி கிடைத்தது. சூட்டைத் தாங்கும். கடைசியில் லேசாக அதிமதுரம் மாதிரி ஒரு கசப்பு நிற்கும். பாலில் அது உறுத்தும், எலுமிச்சைச் சாற்றிலும் இஞ்சி டீயிலும் அடங்கிவிடும். இயற்கை என்பதால் இது தனி உயர்வு என்று நான் நினைக்கவில்லை. பில்லையாகி வரும்போது இதுவும் தொழிற்சாலையைத் தாண்டித்தான் வருகிறது.

அப்புறம் சர்க்கரை ஆல்கஹால்கள். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மால்டிட்டால், சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் எல்லாம் இந்தக் குடும்பம். இவை சீனியைப் போலக் கனமும் தரும், அதனால்தான் "சுகர் ஃப்ரீ" சாக்லேட்டிலும் இனிப்புக்கடைப் பெட்டியிலும் இவற்றைப் பார்க்கிறோம். மால்டிட்டாலில் ஒரு கிராமுக்கு 2 கலோரி இருக்கிறது, சீனியில் பாதி. சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். எரித்ரிட்டால் ஏற்றாது, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். வாயில் போட்டால் ஜில்லென்று இருக்கும். மால்டிட்டாலும் சார்பிட்டாலும் அளவு மீறினால் வயிறு கடமுட என்று பேசத் தொடங்கிவிடும். தீபாவளிக்குச் "சுகர் ஃப்ரீ" பெட்டியைப் பிரித்து ஒரே மூச்சில் ஆறு துண்டு சாப்பிட்டவர்களைக் கேட்டால் மறுநாள் கதையைச் சொல்வார்கள்.

புற்றுநோய் வருமா?

வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறை சுற்றும். 2023 ஜூலையில் சுற்றியதற்குக் காரணம் இருந்தது. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமைப் புற்றுநோய் 'உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியல், சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. அதே நேரத்தில் அளவைப் பார்க்கும் நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ உள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். சுக்ரலோஸுக்கு அந்த வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதே 60 கிலோ ஆளுக்கு 900. தேக்கரண்டிக்கு 8 மில்லிகிராம் என்று பார்த்தால் நூறு தேக்கரண்டிக்கு மேல். அவ்வளவு காப்பி குடிப்பவருக்கு வேறு பிரச்சினைகள் இருக்கும்.

எரித்ரிட்டால் மீது வேறு ஒரு சந்தேகம் இருக்கிறது. ரத்தத்தில் அது அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததாக 2023இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் இதய நோயும் சேர்ந்து உள்ளவர்கள் கிலோக்கணக்கில் வாங்கி வைத்துச் சமைக்க வேண்டாம் என்பது என் கட்சி. எடையைக் குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பும் அதே வருடம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்ற வரியும் அதில் உண்டு. செய்தியில் அந்த வரி மட்டும் காணாமல் போனது. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறை உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் எந்தப் பில்லையாக இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அடுப்படியில்

சீனி சமையலில் இனிப்பை மட்டும் தருவதில்லை. பாகாகி மற்றதைப் பிடித்து நிறுத்தும், ஈரத்தைக் காக்கும், சிவக்கவைக்கும், கெடாமல் வைக்கும். மைசூர்பாகில் பேரிலேயே பாகு இருக்கிறது. 100 கிராம் சீனியின் இனிப்புக்கு சுக்ரலோஸ் ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கு. அதில் எங்கே கம்பிப் பதம் பார்ப்பது? அதிரசம், கடலை மிட்டாய், மைசூர்பாகு எல்லாம் பில்லையால் ஆகாத காரியம். அந்த ஆசை வந்தால் அசல் பண்டத்திலேயே ஒரு சின்னத் துண்டு, சாப்பாட்டில் அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. போலி அதிரசத்தை நான் ஒருமுறை செய்து பார்த்தேன். சட்டியில் அது அப்பளமாக முயற்சி செய்து தோற்றுப்போனது.

கலக்கிக் குடிக்கிற, கிளறி அள்ளுகிற இனிப்புகளில்தான் பில்லை வேலை செய்யும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சேமியா பாயசத்தை எடுத்துக்கொள்வோம். சேமியா 100 கிராம், பால் ஒரு லிட்டர், சீனி 150 கிராம், ஆறு டம்ளர். சேமியாவில் 75 கிராம் மாவுச்சத்து, பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 48 கிராம், சீனி 150. டம்ளருக்கு 45 கிராம். சீனியை முழுக்க எடுத்துவிட்டால்? டம்ளருக்கு 20 கிராம். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் "சீனியே போடலை, இன்னொரு டம்ளர் ஊத்து" என்று இரண்டாவதை வாங்கினால் 40. போன இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். ஜவ்வரிசி சேர்த்தால் இன்னும் மோசம். அது கிட்டத்தட்ட சுத்தமான மாவுச்சத்து.

அதனால் இனிப்பை மாற்றும்போது அடிப்பொருளையும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நிலைத்துவிட்டது பாசிப்பருப்புப் பாயசம். பருப்பு 50 கிராமை வெறும் சட்டியில் மணம் வரும் வரை வறுத்து, குழைய வேகவைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, 10 கிராமுக்கு மேல் வேண்டாம், சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். கண்டிப்பாக வடிகட்டுங்கள், மண் இருக்கும். இந்தக் கருப்பட்டி இனிப்புக்காகச் சேர்ப்பதில்லை, மணத்துக்கும் நிறத்துக்கும். பருப்போடு இதை விட்டு, இரண்டாம் தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு கொதி. சுக்கு, ஏலக்காய், உப்பு ஒரு கல். அடுப்பை அணைத்து முதல் பாலை ஊற்றி இறக்கிவிட்டு, கை பொறுக்கிற சூடு வரும் வரை காத்திருங்கள். பிறகு சுக்ரலோஸ் பில்லைகளை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும்.

காத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொதிக்கக் கொதிக்கவும் சரி, ஜில்லென்றும் சரி, நாக்குக்கு இனிப்பு முழுசாகத் தெரியாது. வெதுவெதுப்பில்தான் நன்றாகத் தெரியும். சூட்டில் ருசி பார்த்துவிட்டு "பத்தலை" என்று இன்னும் நான்கு பில்லை போட்டால், ஆறியதும் தொண்டையில் இனிப்பு ஒட்டிக்கொண்டு போகாது. சுக்ரலோஸின் இனிப்பு மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும். நினைத்ததை விட ஒன்று குறைத்துப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு ருசி பாருங்கள். உப்பும் ஏலக்காயும் இங்கே சும்மா இல்லை. சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். ஏலக்காய் வாசமே பாயசம் என்று நாக்கை நம்பவைக்கும்.

நான்கு சின்ன டம்ளர் வரும். ஒன்றில் 12 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. வழக்கமான முறையில் 100 கிராம் கருப்பட்டி தட்டிப் போட்டால் 30ஐத் தாண்டியிருக்கும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு என்பதால் இதுவும் விசேஷ நாளுக்குத்தான்.

தினசரி சமையலில் இவ்வளவு யோசனை தேவையில்லை. வத்தக்குழம்பிலும் சாம்பாரிலும் போடுகிற சுண்டைக்காய் அளவு வெல்லத்துக்கு யாரும் பதற வேண்டாம். ஆளுக்கு ஒரு கிராம்கூட வராது. கவனம் கேழ்வரகுக் கஞ்சி மேல் இருக்கட்டும். நார்ச்சத்து உள்ள தானியம்தான், ஆனால் நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டினால் மெதுவாக ஏறும். காப்பிக்கு என் வழி பில்லைகூட இல்லை. இரண்டு தேக்கரண்டியை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம், பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்கிறது. டிகாக்‌ஷன் நன்றாக இருந்தால் சீக்கிரம் பழகுகிறது.

கடையில் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தை நம்பாமல் திருப்பிப் பாருங்கள். இந்திய விதிப்படி 100 கிராமில் அரை கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் "சுகர் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ளலாம். மைதாவைப் பற்றி அந்த வரி ஒன்றும் சொல்லாது. அதனால் 'மொத்த கார்போஹைட்ரேட்' என்ற வரிதான் உங்களுக்கானது. பொருள்களின் பட்டியலில் வெறும் எண்களாகப் போட்டிருந்தால்: 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 965 மால்டிட்டால், 968 எரித்ரிட்டால்.

கடைசியாக, நிஜச் சீனி கட்டாயம் வேண்டிய ஒரு நேரம். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். அப்போது 15 கிராம் குளுக்கோஸோ மூன்று தேக்கரண்டி சீனியோ தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. வீட்டில் பில்லை மட்டுமே இருந்தால் அந்த நேரத்தில் அது வெறும் இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்றும் போகாது. டயட் கோலாவும் அப்படியே. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனியும் உடனே கைகொடுக்காது. சுக்ரோஸை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான். அம்மாவின் கைப்பையில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கிறது, கருப்பட்டி மிட்டாய்க்குப் பக்கத்தில்.